மனை முகவராக விரும்புவோர்க்குச் சில சட்டப் பாடங்கள்

நம் குடும்பத்துப் பிள்ளைகளில் சிலர் பட்டப்படிப்பை முடித்த கையோடு வீட்டுமனை விற்பனையில் முகவராக இறங்குகின்றனர். பணி ஓய்வு பெற்ற பெரியவர்களும் பொழுது பயனுறக் கழியட்டும் என்று இத்தொழிலைத் தொடங்குகின்றனர். முதல் போட வேண்டா, கடை திறக்க வேண்டா, கைப்பேசி ஒன்றும் நாலு பேர் அறிமுகமும் இருந்தால் போதும் என்ற எண்ணமே இதற்குக் காரணம். 2017க்கு முன் அந்த எண்ணம் ஓரளவு பொருந்தியிருக்கலாம். இன்று பொருந்தாது.

இதில் இன்னொன்றும் உண்டு. நம்மிடையே மனை வாங்குவோர் பலர், "சொல்லுகிறவர் நம்மவர்" என்ற ஒரே காரணத்தால் பத்திரத்தைப் பாராமலே முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். வந்தவாசி, திண்டிவனம், செய்யாறு, ஆரணிப் பகுதிகளில் இருந்த நன்செய்யை விற்றுச் சென்னைப் புறநகரில் ஒரு மனை வாங்கும் குடும்பத்திற்கு, அம்மனை ஒரு தலைமுறையின் சேமிப்பாகும். அந்தச் சேமிப்பு இடைநிற்பவரின் அறியாமையால் முடங்கிப் போனால், பணத்தோடு உறவும் போய்விடும். ஆகவே முகவர் கற்க வேண்டிய பாடத்தை வாங்குவோரும் விற்போரும் உடனிருந்து கற்பது நலம். இரு சாராரையும் மனத்தில் கொண்டே இதனை எழுதுகிறோம்.

யார் முகவர்?

கட்டட மனை விற்பனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம் நடுவண் அரசால் 2016இல் இயற்றப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதனை 'ரெரா' என்று அழைப்பர். சில பிரிவுகள் 2016 மே 1ஆம் நாளும், எஞ்சியவை 2017 மே 1ஆம் நாளும் நடைமுறைக்கு வந்தன. தமிழ்நாட்டிற்கான விதிகள் 2017 ஜூன் மாதத்தில் வெளியாயின. சென்னை எழும்பூரில் இயங்கும் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமமே நமக்குரிய ஆணையம். அந்தமான் நிக்கோபார் தீவுகளும் அதன் எல்லைக்குள் அடங்கும்.

இச்சட்டத்தின் 2ஆம் பிரிவு முகவரை வரையறுக்கிறது. ஒரு திட்டத்தில் உள்ள மனையையோ அடுக்ககத்தையோ கட்டடத்தையோ விற்பதற்காக ஒருவர் சார்பில் மற்றொருவரிடம் பேசி, அதற்குக் கூலியோ கமிஷனோ பெறுபவர் முகவர். வாங்குவோரையும் விற்போரையும் எந்த ஊடகத்தின் வழியாகவேனும் ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்து வைப்பவரும் முகவரே. தரகர், புரோக்கர், இடைத்தரகர் என எப்பெயரால் அழைத்தாலும் இவ்வரையறைக்குள் வந்துவிடுவர்.

பிள்ளைகள் இலக்கணத்தை ஒப்பிக்கும்போது நடுவில் ஒரு சொல்லை விழுங்கிவிடுவதுண்டு. நம்மவர் இவ்வரையறையில் விழுங்கும் சொல் 'அறிமுகம்' என்பது. "நான் பேரம் பேசவில்லை, நம்பரைக் கொடுத்தேன், அவ்வளவே, அவர்களாக ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்தார்கள்" என்று சொல்லுவோர் தம்மை முகவர் என்று கருதுவதில்லை. சட்டம் அவ்வாறு கருதுகிறது. கைப்பேசியில் உறவினர் குழு ஒன்றில் மனை விளம்பரத்தை அனுப்பி, வாங்கியவரைக் காட்டித் தொகை பெறுபவரும் இதில் அடங்குவர்.

பதிவு எனும் நுழைவாயில்

ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்யப்பட்ட திட்டமொன்றில், அதனை உருவாக்கும் நிறுவனம் விற்கும் மனையையோ வீட்டையோ விற்க உதவ வேண்டுமானால், முகவர் முதலில் தாமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். இது 9ஆம் பிரிவு. வழக்கில் இதனை 'லைசென்ஸ்' என்கின்றனர். சட்டம் 'பதிவு' என்றே சொல்லுகிறது. இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. ஓட்டுநர் உரிமம் பெறுவதற்கு வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். இங்கு நடுவண் சட்டம் தேர்வு எதனையும் விதிக்கவில்லை. நிரந்தரக் கணக்கு எண் அட்டை, ஒளிப்படம், முகவரிச் சான்று, வருமான வரிக் கணக்கு ஆகியவற்றோடு கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் பதிவெண் கிடைக்கும். தனியாளுக்கு ஒரு கட்டணம், நிறுவனத்திற்கு அதனினும் மிகுதியான கட்டணம். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும்.

எனவே பதிவெண் ஒருவருக்குத் தொழில் தெரியும் என்பதற்குச் சான்றாகாது. யார், எங்கிருக்கிறார், தவறிழைத்தால் எவரைப் பிடிப்பது என்பதற்கே அது சான்று. மகாராட்டிர மாநிலம் இக்குறையை உணர்ந்து 2023 முதல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்று ஆக்கியது. ஆசிரியப் பயிற்சியில் காலம் கழித்த நமக்கு அது மிகச் சரியான வழியாகவே தோன்றுகிறது. பாடம் சொல்ல வருகிறவரிடம் பயிற்சி கேட்கும் நாட்டில், பிறருடைய வாழ்நாள் சேமிப்பைக் கைமாற்றித் தருபவரிடமும் கேட்பதில் தவறென்ன?

ஒரு மாநிலத்திற்கு ஒரு பதிவு போதும். கன்னியாகுமரி முதல் திருவள்ளூர் வரை அது செல்லும். ஆனால் திண்டிவனத்து முகவர் புதுச்சேரியில் உள்ள திட்டத்தை விற்கப் போனால், அது வேறு ஆட்சிப் பகுதி. அங்குத் தனியே பதிவு வேண்டும். எல்லை தெருவுக்குத் தெரு மாறும் இடம் அது என்பதால் இதனைக் குறிப்பாகச் சொல்லுகிறோம்.

பதிவெண்ணைத் தாம் உதவும் ஒவ்வொரு விற்பனையிலும் குறிப்பிட வேண்டும். பொய் கூறியோ ஏமாற்றியோ பதிவைப் பெற்றிருந்தாலும், விதிகளை மீறினாலும், விளக்கம் கேட்டபின் குழுமம் பதிவை நீக்கலாம்.

தண்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பதிவின்றித் தொழில் செய்யும் முகவருக்கும், கடமை தவறும் முகவருக்கும், தவறு நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 10,000 ரூபாய் தண்டம் என்கிறது 62ஆம் பிரிவு. அது விற்க உதவிய மனை அல்லது வீட்டின் மதிப்பில் 5 விழுக்காடு வரை உயரலாம். 60 லட்ச ரூபாய் வீட்டை விற்றுக் கொடுத்தவர் 1 விழுக்காடு கமிஷனாக 60,000 ரூபாய் பெற்றார் என்று கொள்வோம். அத்தொகை ஆறே நாளில் தண்டத்தில் கரைந்துவிடும். முப்பதாம் நாள் தண்டம் 3 லட்சத்தைத் தொட்டு, உச்ச வரம்பில் நிற்கும். கமிஷனைப்போல் ஐந்து மடங்கு!

பழைய வீட்டை ஒருவர் மற்றொருவருக்கு விற்பதும், வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுப்பதும் இப்பதிவுக்குள் வாரா. அதனால் அங்குச் சட்டமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. அதற்கு வேறொரு பழைய சட்டம் உண்டு. அதனைப் பின்னர்க் காண்போம்.

எத்திட்டத்தை விற்கலாம்?

நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மிகாத திட்டத்திற்கும், எட்டு வீடுகளுக்கு மிகாத அடுக்ககத்திற்கும் குழுமத்தின் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 5,382 சதுர அடி. ஒரு கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி என்ற கணக்கில் இரண்டே கால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. சென்ட் கணக்கில் 12⅓ சென்ட். இதற்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரப்படுத்தவே கூடாது. பதிவில்லாத அத்தகைய திட்டத்தை விற்க உதவக் கூடாது என்பது முகவருக்கு 10ஆம் பிரிவு விதிக்கும் முதற் கடமை.

அப்பிரிவு சொல்லும் பிற கடமைகள்: கணக்கும் ஆவணங்களும் வைத்திருத்தல், இல்லாத ஒப்புதலை இருப்பதாகக் கூறாமை, தர எண்ணமில்லாத வசதிகளை விளம்பரம் செய்யாமை, முன்பதிவு செய்யும் நேரத்தில் வாங்குபவர்க்கு உரிய எல்லாத் தகவலும் ஆவணங்களும் அவர் கைக்குக் கிடைக்கச் செய்தல். இறுதியில் கூறியதே நம் ஊர்களில் பெரிதும் மீறப்படுவது. "பத்திரமெல்லாம் ஆபீசில் இருக்கிறது, முதலில் டோக்கன் போடுங்கள்" என்பார்கள். இலவசப் பேருந்தில் ஏற்றிச் சென்று, மதியம் சோறும் போட்டு, வெயில் தாழ்வதற்குள் அட்வான்ஸ் வாங்கிவிடும் அந்தத் திருவிழா முறை நமக்குச் சற்றும் உடன்பாடில்லை. உண்ட வீட்டில் கேள்வி கேட்கக் கூச்சப்படும் நம் இயல்பை அறிந்தே அம்முறை வகுக்கப்பட்டிருக்கிறது.

விலையில் 10 விழுக்காட்டிற்கு மேல் முன்பணம் வாங்க வேண்டுமானால், நிறுவனம் முதலில் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பது 13ஆம் பிரிவு. 40 லட்ச ரூபாய் வீட்டிற்கு ஒப்பந்தமின்றி 4 லட்சத்திற்கு மேல் கேட்கும் நிறுவனத்திற்காக ஆள் பிடிக்கும் முகவர், தம் பதிவெண்ணையே பணயம் வைக்கிறார். அடுக்ககத்தின் பரப்பையும் தரைவிரிப்புப் பரப்பிலேயே சொல்ல வேண்டும். அதாவது வெளிச்சுவர், பால்கனி, மொட்டை மாடி நீங்கலாக, உட்சுவர்கள் உட்பட, வீட்டிற்குள் பயன்படும் தரையின் பரப்பு. மாடிப்படியையும் மின்தூக்கியையும் பங்கு போட்டுச் சேர்த்து ஊதிய எண்ணைக் கூறுதல் இனி ஆகாது.

யாருக்காகப் பேசுகிறோம்?

இனி அந்தப் பழைய சட்டத்திற்கு வருவோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 182ஆம் பிரிவு தொடங்கி முகவர்களைப் பற்றிப் பேசுகிறது. புதிய திட்டமாயினும் பழைய வீடாயினும், பதிவெண் இருப்பினும் இல்லையாயினும், ஒருவர் சார்பில் செயற்படும் எவரையும் அது கட்டுப்படுத்தும். மனைத் தொழிலுக்கு வருவோர் ரெராவை ஒருமுறை படித்தால் இதனை மும்முறை படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. இச்சட்டத்தை இயற்றியோர் நல்லாசிரியர்கள் என்றே சொல்ல வேண்டும். விதியைச் சொன்னதும் கீழே சிறு கதைபோல எடுத்துக்காட்டுத் தருகின்றனர்.

அவற்றுள் ஒன்று. தம் நிலத்தை விற்றுத் தருமாறு ஒருவர் முகவரிடம் கூறுகிறார். முகவர் நிலத்தைச் சுற்றிப் பார்க்கையில், அதில் கனிமச் சுரங்கம் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார். உரியவர்க்கு அது தெரியாது. அதனை மறைத்து, "நிலத்தை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்கிறார் முகவர். உரியவரும் இசைந்து விற்றுவிடுகிறார். பின்னர் உண்மை தெரிய வந்தால், உரியவர் விரும்பினால் அவ்விற்பனையைத் தள்ளிவிடலாம் என்கிறது 215ஆம் பிரிவு. நம் வட்டாரத்தில் சுரங்கம் இல்லை. ஆனால் வரவிருக்கும் புறவழிச் சாலை உண்டு. தொழிற்பேட்டை விரிவாக்கம் உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் அதனை முன்னதாக அறிந்த முகவர், ஊரிலுள்ள மூதாட்டியிடம் வாய் திறவாமல் மைத்துனர் பெயரில் நிலத்தை எழுதி வாங்கினால், அதுவும் அதே கதைதான்.

அடுத்தது 216ஆம் பிரிவின் கதை. ஒரு வீட்டை வாங்கித் தருமாறு ஒருவர் முகவரிடம் சொல்லுகிறார். "அது கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, முகவர் அதனைத் தமக்கே வாங்கிக்கொள்கிறார். முகவர் கொடுத்த அதே விலைக்குத் தமக்கு விற்குமாறு உரியவர் அவரைக் கட்டாயப்படுத்தலாம். முகவராக இருந்துகொண்டு மறைவாகப் பெறும் ஆதாயம் தமக்கு உரியதன்று, தம்மை அமர்த்தியவருக்கு உரியது என்பதே இதன் உட்பொருள்.

இப்போது நம்மூர் வழக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விற்பவரிடம், "சென்ட் 3 லட்சத்திற்குப் பேசியிருக்கிறேன்" என்பார் தரகர். வாங்குபவரிடம் மூன்றரை லட்சம் என்பார். இடையிலுள்ள அரை லட்சம் அவருக்கு. பத்து சென்ட் நிலத்தில் 5 லட்சம்! இதனைத் திறமை என்று பாராட்டுவோரும் உளர். "எனக்குச் சென்ட் 3 லட்சம் வந்தால் போதும், மேலே கிடைப்பது உமக்கு" என்று விற்பவரே முன்னதாக இசைந்திருந்தால் அது ஓர் ஒப்பந்தம், குற்றமில்லை. அவர் அறியாமல் எடுத்தால், அந்த 5 லட்சத்தை அவர் முகவரிடம் கேட்டு வாங்கலாம். அதுமட்டுமன்று. செய்யும் பணியில் முறைகேடாக நடந்த முகவருக்கு அப்பகுதிப் பணிக்குரிய கூலியே இல்லை என்கிறது 220ஆம் பிரிவு. மறைத்து எடுத்ததையும் திருப்பித் தந்து, உரிய கமிஷனையும் இழக்க நேரும்.

இரு பக்கமும் கமிஷன் பெறுவதை இச்சட்டம் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. இரு பக்கத்தாரும் அறிந்திருந்தால் வழக்குக்கு இடமில்லை. ஆயினும் விலையை உயர்த்த விரும்புபவருக்கும் குறைக்க விரும்புபவருக்கும் ஒருவரே ஒரே நேரத்தில் நேர்மையாக வாதாடுதல் எங்ஙனம் என்று நமக்கு விளங்கவில்லை. குறைந்த அளவு, "நான் இன்னாருக்காகப் பேசுகிறேன்" என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

கூலி எப்போது உரியதாகும்? வேறு உடன்பாடு இல்லாதபோது, ஒப்புக்கொண்ட வேலை முடிந்த பின்னரே என்பது 219ஆம் பிரிவு. வழக்கத்தில் 1 விழுக்காடு, 2 விழுக்காடு என்கின்றனர்; எச்சட்டமும் அதனை நிர்ணயிக்கவில்லை. ஆகவே விழுக்காடு எவ்வளவு, யார் தருவது, ஒப்பந்தத்தன்று பாதியா அல்லது பத்திரப் பதிவு நாளில் முழுதுமா, பேச்சு முறிந்தால் என்ன என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்க. உறவினரிடம் எழுதி வாங்கக் கூச்சமாயிருக்கும். உறவினரோடு வரும் பிணக்கே தீராப் பிணக்காகும் என்பதால், அங்கேதான் எழுத்து மிகவும் வேண்டும்.

கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய ஆவணங்கள்

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்த பத்திரத்தாலேயே நிறைவேறும் என்பது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. கிரய ஒப்பந்தம் மட்டும் நிலத்தில் எந்த உரிமையையும் தந்துவிடாது. தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அவ்வொப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பவர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு நிலமே கைக்கு வந்ததாகக் கருதும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் ஏற்க மறுத்துவிட்டது. பவர் என்பது செயலாற்றும் அதிகாரமே. கொடுத்தவர் இறந்தால், விதிவிலக்குகள் நீங்கலாக, அது முடிந்துபோகும். அவர் உயிரோடிருக்கிறாரா என்பதை நேரில் சென்று பார்க்காமல் எந்த முகவரும் ஒருவரிடம் முன்பணம் வாங்கித் தரக் கூடாது.

மூலப் பத்திரம் தொடங்கி இன்றுவரை வந்த பத்திரங்களின் தொடர்ச்சி, வில்லங்கச் சான்று, பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட வேண்டும். புல எண்ணும் பரப்பும் நான்கெல்லையும் எல்லாவற்றிலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது, மாணவர் கணக்கைத் திருத்துவது போன்ற வேலை. பொறுமை போதும், மேதைமை வேண்டா. வில்லங்கச் சான்றை எல்லாம் காட்டும் கண்ணாடியாக நம்பிவிட வேண்டா. பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிக் குத்தகை, நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கு ஆகியன பெரும்பாலும் அதில் தென்படா. பட்டாவும் வருவாய்த் துறையின் பதிவேயன்றி உரிமைப் பத்திரம் ஆகாது.

மனையாயின் அங்கீகாரம் வேண்டும். சென்னைப் பெருநகர் எல்லைக்குள் சி.எம்.டி.ஏ., வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டி.டி.சி.பி. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று ஊராட்சித் தலைவரின் முத்திரையைக் காட்டுவது அங்கீகாரம் ஆகாது. அனுமதியின்றி விளைநிலத்தைக் கூறுபோட்ட மனைகளைப் பதிவு செய்ய 2016 அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடை விதித்தது. முன்னரே வீட்டுமனையாகப் பதிவானவற்றிற்கு விலக்கு உண்டு. அந்நாளுக்கு முன் விற்பனையானவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. அங்கீகார வரைபடத்தில் பூங்கா என்று பசுமையாகத் தீட்டிய இடத்தையே பின்னர் மனையாக விற்பதும் நடப்பதால், வரைபடத்தின் படியைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து பார்க்க வேண்டும்.

வட மாவட்டங்களில் மற்றொன்றும் கருதத்தக்கது. 1892ஆம் ஆண்டு அரசாணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கிய பஞ்சமி நிலத்தை அம்மக்கள் அல்லாதார் வாங்கினால் அது செல்லாது. கைமாறி மாறிப் பட்டாவே வேறு பெயரில் இருப்பினும், பழைய வருவாய்ப் பதிவேடுகள் காட்டிக்கொடுத்துவிடும். பிறர்க்கென ஒதுக்கிய நிலம் அது. சட்டம் தடுத்திராவிடினும் தொடலாகாது.

பெண்மக்களின் கையொப்பம்

எல்லாவற்றினும் நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களுக்கும் பொருந்தும் என்று அதன் 2ஆம் பிரிவே கூறுகிறது. தந்தை சுயமாகத் தேடிய சொத்தை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், மகனுக்கும் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் சம பங்கு. இது 1956 ஜூன் 17 முதலே உள்ள நிலை. கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை தருவதற்குத் தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தது. ஆனால் அந்நாளில் மணமாகியிருந்த பெண்களை அது விலக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடுவண் திருத்தம் அவ்வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளும் விற்பனைகளும் மட்டும் அசைக்கப்படா.

ஒரு கணக்கு. ஒருவர் தாமே வாங்கிய 60 சென்ட் நிலத்தை விட்டு 1998இல் உயிலின்றி இறந்தார். அவர் தாய் முன்னரே காலமானார். மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் உளர். ஆளுக்கு 15 சென்ட். 2010இல் மனைவியும் உயிலின்றி இறக்க, அவருடைய 15 சென்ட் மூன்று மக்களுக்கும் ஐந்தைந்தாகச் செல்லும். மகளின் பங்கு 20 சென்ட் ஆயிற்று. பட்டாவோ இரு மகன்கள் பெயரில் மாற்றப்பட்டுவிட்டது. அவ்விருவரும் மட்டும் கையொப்பமிட்டு 60 சென்ட்டையும் விற்றால், வாங்கியவருக்குச் சேருவது பிரிக்கப்படாத 40 சென்ட் பங்கே. எஞ்சிய 20 சென்ட்டிற்கு அவர் பணம் கொடுத்தும் உரிமையில்லை. சகோதரி பாகம் கேட்டு வழக்குத் தொடுத்தால், அவர் கட்டிய வீட்டின் நடுவே கயிறு விழலாம்.

"அவளுக்குக் கல்யாணத்திலேயே நகையும் சீரும் செய்தாயிற்று" என்பது சட்டத்தின்முன் செல்லாத வாதம். "அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்" என்பதும் வாய்ச்சொல்லாக இருந்தால் போதாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். விடுதலை எழுதித் தருவது அவர் விருப்பம். தராமலிருப்பது அவர் உரிமை. இளம் முகவர் ஒருவர் வீட்டுப் பெரியவரிடம், "ஐயா, அக்காவும் கையெழுத்துப் போடுவார்களா?" என்று கேட்டால் முகம் சுளிப்பர், "குடும்ப விவகாரத்தில் உனக்கென்ன?" என்பர். கேட்கத்தான் வேண்டும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஒரு பெயர் விடுபட்டாலும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். ஊரில் பல சகோதரிகள் தம் பங்கு விற்றுப்போனதைப் பத்திரம் முடிந்த பின்னரே அறிகின்றனர். அவர்களைத் தேடிச் சென்று முதலில் தகவல் சொல்லும் வாய்ப்பு, பல வீடுகளில், அந்தத் தரகருக்கு மட்டுமே இருக்கிறது.

சிறாரின் தனிச் சொத்தைத் தாயோ தந்தையோ விற்பதற்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதையும் உடன் குறித்துக்கொள்க.

பணம் பற்றிச் சுருக்கமாக

நில விற்பனைக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்துள்ளது. மீறினால் வாங்கிய அளவே தண்டம். காசோலையாகவோ வங்கி வழியாகவோ, அதுவும் விற்பவர் பெயருக்கே செல்ல வேண்டும். முகவர் கணக்கிற்கு வரக் கூடாது. 50 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனையாயின் வாங்குபவர் 1 விழுக்காட்டைப் பிடித்து வரியாகச் செலுத்த வேண்டும். கிரயப் பத்திரத்திற்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வை முதலியனவும், 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் ஆகும். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறையும். இதனை வாங்குபவரிடம் எடுத்துச் சொல்லுவதும் முகவர் வேலையே.

முகவர் மீதோ நிறுவனத்தின் மீதோ குறையிருப்பின், 31ஆம் பிரிவின்படி ஒழுங்குமுறைக் குழுமத்தில் முறையிடலாம். அதன் ஆணையில் உடன்பாடில்லாதவர் 60 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

பயிற்சி

1. உங்கள் சொந்த வீட்டின் மூலப் பத்திரத்தை எடுத்து, இன்றுவரை அது யார் யார் கைக்கு எந்த ஆண்டில் எந்த ஆவணத்தால் மாறியது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுக. எவ்விடத்திலேனும் தொடர்ச்சி அறுந்தால் அங்கே வட்டமிடுக.

2. பதிவுத்துறை வலைத்தளத்தில் அதே சொத்திற்கு முப்பதாண்டு வில்லங்கத்தைக் கட்டணமின்றிப் பார்த்து, நீங்கள் எழுதிய வரிசையோடு ஒப்பிடுக. இரண்டிலும் வேறுபாடு இருந்தால் காரணம் தேடுக.

3. அவ்வரிசையில் ஒருவர் இறந்து வாரிசுகள் விற்ற இடம் இருப்பின், இறந்தவருக்குப் பெண்மக்கள் இருந்தனரா, அவர்கள் கையொப்பம் பத்திரத்தில் உள்ளதா என்று பார்க்க. இல்லையெனில் அதே வாரத்தில் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டுக.